கோட்டு மேலதான் இருக்குது

"ஒரு மணி நேரம் அமைதியா பதியணும் ஐயா. எந்திரிக்காதீங்க, நடக்காதீங்க. நீங்க நடந்தா உள்ள யானை நடந்த மாதிரி விழும்" என்று சொல்லிவிட்டுப் பெனிட்டா மேடம் எதிர்ப் பாறையில் போய் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை விரித்துக்கொண்டது. நேரில் பேசும்போது மேடம். மனசுக்குள் அந்தப் பொண்ணு. இருபத்தொன்பது வயசுக்கு மனசுக்குள்ளேயும் மேடம் போட எனக்கு வரவில்லை. மணி பதினொன்று. ஜீப்பை டிரைவரோடு கீழே தார்ரோட்டுக்கு அனுப்பியாயிற்று, இஞ்சின் சத்தம்கூட ஆகாதாம். இந்தக் கரட்டின் மேல், இந்தப் பாறைக்குன்றின் மேல், நான் ஊஞ்சமர நிழலில், எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் நடுவில் பாதி மண்ணுக்குள் புதைந்த சிமென்ட் ரூம், அதற்கு இரும்புக் கதவு, அந்தக் கதவின் சாவி என் இடுப்பில். மூன்று வருஷமாக இந்தச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. தூங்கும்போது குத்தும், எடுத்து வைத்தால் தூக்கம் வராது. உட்கார்ந்திருப்பது எனக்கு ஒன்றும் புதுசில்லை, வாட்ச்மேன் வேலை உட்காருகிற வேலைதான், ஆனால் உட்காரு என்று ஒருத்தர் சொல்லி உட்காருவது வேறு, அப்போது முதுகு எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, முட்டி எங்கே மடங்குகிறது என்று தெரிகிறது, அறுபத்திரண்டு வயசும் வரிசையாக வந்து நானும் இருக்கிறேன் நானும் இருக்கிறேன் என்கிறது. அசையாமல் இருந்தால் மனசும் அசையாது என்று யார் சொன்னார்களோ. கால் நின்றால்தான் அது கிளம்புகிறது. காலையிலிருந்து ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, செக்குமாடு மாதிரி, அந்த ரூமுக்குள் போகிறது, தெர்மாகோல் பெட்டியைத் தூக்குகிறது, உள்ளே பார்க்கிறது, வெளியே வருகிறது, மறுபடி போகிறது. சொல்லலாமா. சொல்லாமல் இருக்கலாமா. சொன்னால் அந்தப் பொண்ணின் நாலு வருஷம். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகிவிடும்.

உள்ளே, சூடு ஏறாமல் கவிழ்த்த தெர்மாகோல் பெட்டிக்கு அடியில், பால்கேன் உசரத்துக்கு ஒரு மிஷின் இருக்கிறது. பூமி அதிர்ந்தால் எழுதிக்கொள்ளும். உலகத்தில் எங்கே அதிர்ந்தாலும் எழுதும். முதல் வருஷம் ஊர்க்காரர்கள் இதைக் குண்டு என்றார்கள், புதையல் பார்க்கிற பெட்டி என்றார்கள், கடைசியில் டீக்கடைக்காரன் என்னைச் சொல்லி ஒரு பெயர் வைத்தான், "வையாபுரி, கரட்டுக்கு ஸ்டெதாஸ்கோப்பு வெச்சுட்டு உக்காந்திருக்கான்டா", அதுவே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரி பாவாயிக்கு இதன் மேல் அப்போதிருந்தே கோபம். "ஏனுங்க, அடுப்படியில இருந்து நாலு தாட்டி கூப்புட்டா உங்க காதுல ஏறாது, ஜப்பான்ல ஆடுனா மட்டும் ஓடிப்போய்ப் பாக்கறீங்க." ஏறாமல் என்ன, ஏறும். என் காது நல்ல காது. பேசாமல் இருப்பேன், அவ்வளவுதான். அந்தப் பொண்ணுதான் முதலில் எனக்கு இது எதற்கு என்று உட்கார வைத்துச் சொன்னது, போன தடவை வந்தபோது. மேலே நாம் நிற்கிற பாறை ஒரு ஓடு மாதிரியாம், நாற்பது கிலோமீட்டர் கனம், அதற்குக் கீழே மேன்டில். மேன்டில் என்றதும் எனக்குப் பெட்ரோமாக்ஸ் லைட்டில் கட்டுகிற வலைதான் வந்தது, கல்யாண வீட்டில் எரிந்து முடிந்து வெள்ளையாகத் தொங்குமே, விரல் பட்டால் உதிர்ந்து போகுமே, அது. "அதுங்களா மேடம் கீழ இருக்குது?" என்றேன். அந்தப் பொண்ணு சிரித்த சிரிப்பில் பாறையை விட்டு விழப் பார்த்தது. "இல்ல ஐயா, இது கல்லு. பச்சைக் கல்லு. ரொம்ப சூடான கல்லு." யாரும் போய்ப் பார்த்ததில்லையாம். பார்க்கவும் முடியாதாம். எங்கோ அதிர்கிற அதிர்ச்சி கீழே நுழைந்து இந்தக் கேனுக்கு வந்து சேருகிற நேரத்தையும் ஆட்டத்தையும் வைத்து, கீழே இப்படி இருக்கலாம் என்று கம்ப்யூட்டரில் ஒரு பூமியைக் கட்டுவார்களாம், அந்தப் பூமியை ஆட்டிப் பார்ப்பார்களாம், நிஜப் பூமி ஆடினதோடு அது ஒத்து வருகிறவரைக்கும் மாற்றி மாற்றிக் கட்டுவார்களாம். அதற்குப் பெயர் மாடல். எனக்கு அது புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம், எனக்குப் புரிந்தது. வெள்ளைக்கல் சுரங்கத்தில் பத்தொன்பது வருஷம் என் வேலையே அதுதான். வெடி வைத்து முடிந்ததும் ஆட்கள் இறங்கும் முன்னே நான் போய்ப் பாறையைக் கடப்பாரையால் தட்டுவேன். ணங் என்றால் பிடிப்பாக இருக்கிறது. தொப் என்றால் உள்ளே பிடி விட்டிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தா சொன்னேன், தட்டிக் கேட்டு, உள்ளே இப்படி இருக்கும் என்று மனசில் ஒன்றைக் கட்டிக்கொண்டு சொன்னேன். ஆக நானும் படிக்காத மாடல்காரன்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாவாயியிடம் இதைச் சொன்னதற்கு, "அப்ப சம்பளத்தையும் அந்தம்மா மாதிரியே கேளுங்க" என்றாள்.

எறும்பு ஒன்று கணுக்காலில் ஏறுகிறது. சின்னக் கறுப்பு. கடிக்காது. கடிக்காது என்று நினைக்கிற எறும்புதான் கடிக்கும். விட்டுவிட்டேன். இன்று காலை வந்ததும் வராததுமாக அந்தப் பொண்ணு என்னைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டியது. அதைக் காட்டாமல் இருந்திருக்கலாம். தமிழ்நாட்டு வரைபடம், அதில் நாற்பத்திரண்டு இடத்தில் நாற்பத்திரண்டு குச்சி, ஒவ்வொரு கேன் இருக்கிற இடத்திலும் ஒன்று. "ஐயா, ஈக்குமாறு தெரியும்லா, குச்சி போற வாக்குல தடவுனா கை வழுக்கிட்டுப் போவும், குறுக்க தடவுனா தட்டும். கீழ உள்ள கல்லுக்கும் அப்படி ஒரு வாக்கு இருக்கு. அதிர்ச்சி அந்த வாக்குல வேகமா போவும், குறுக்க மெதுவா போவும். அந்த வாக்குதான் இந்தக் குச்சி." குச்சியெல்லாம் காற்றில் சாய்ந்த நெல்லு மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்று மட்டும் குறுக்கே. சிவப்பு நிறம். "இது யாரு தெரியுதா? நம்ம கரடு!" என்று கைதட்டியது. மற்ற எல்லா இடத்திலும் கல் ஒரு வாக்கில் போக, நம் கரட்டுக்குக் கீழே மட்டும் திரும்பியிருக்கிறதாம். ஏதோ ஒரு காலத்தில் இரண்டு நிலம் இந்த இடத்தில் மோதி, கீழே இருந்த கல் முறுகிக்கொண்டது என்று அந்தப் பொண்ணு மாடல் கட்டியிருக்கிறது. நாலு வருஷம். அடுத்த மாதம் அதைப் பெரியவர்கள் முன்னால் வைத்து டாக்டர் பட்டம் வாங்கவேண்டும். "எம்புட்டு திரும்பியிருக்குதுங்க?" என்று கேட்டேன். சும்மா கேட்டேன். பேச்சுக்குக் கேட்டேன். "கரெக்டா கால் சுத்து ஐயா, தொண்ணூறு டிகிரி. அளந்து வச்ச மாதிரி." கால் சுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உள்ளே தொப் என்றது. கடப்பாரை பட்ட தொப். பூமி ஏனம்மா அளந்து வைத்த மாதிரி திரும்புகிறது. பூமியிடம் என்ன தச்சனின் மூலைமட்டமா இருக்கிறது. அளந்து திருப்பினது பூமி இல்லை. நான்.

அன்றைக்கு மழை. மழை என்றால் அப்படி மழை, கேனை வைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, ரூமுக்குள் முழங்கால் தண்ணீர். எழுதுகிற பெட்டி நனைந்து செத்துப்போய்விட்டது, எட்டு மாதம் எழுதினதும் அதோடு போய்விட்டது. கேன் உசரமான தூண் மேல் இருந்ததால் தப்பியது. ஆபீசிலிருந்து போனில் ஒருத்தர், "கேனைத் தூக்கி மேல வெச்சிட்டுத் தூணைக் காய விட்டுட்டு, மறுபடி வைங்க, உங்களால முடியுமா" என்றார். முடியும் என்றேன். முடியாது என்று எப்படிச் சொல்வது, செங்கோடண்ணனுக்குக் காரியம் முடிந்து மூன்றாம் நாள்தான், தலை மழித்தது இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. என் அண்ணன். கூடப் பிறந்தவன். ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் தலைமாடு வடக்கே இருந்தது. நான் அங்கே போன முதல் நாளே பார்த்துவிட்டேன், ஜன்னல் வெயிலை வைத்துப் பார்த்துவிட்டேன். வடக்கே தலை வைத்து எங்கள் ஆட்களில் யாரும் படுக்கமாட்டோம், பச்சைப்பிள்ளையைக்கூடப் போடமாட்டோம். நர்ஸிடம் போய், "ஏனுங் சிஸ்டர், கட்டிலை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கட்டுங்களா" என்றேன். அந்தச் சிஸ்டர் கெட்டவர் இல்லை. "ஐயா, ஆக்ஸிஜன் குழா அந்தச் செவுத்துலதான் வருது. செவுத்தைத் திருப்புனா கட்டிலைத் திருப்பலாம்" என்றார். சரிதானே. செவுத்தை எப்படித் திருப்புவது. ஒன்பது நாள் கிடந்தான். ஒன்பது நாளும் நான் கால்மாட்டில் நின்று அவன் தலையைப் பார்த்தேன், தலை வடக்கே, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிற தலை. ராத்திரி யாருமில்லாதபோது தலையணையை மட்டுமாவது ஒரு சாண் கிழக்கே ஒதுக்குவேன், விடிந்தால் சரியாக வடக்கே வந்துவிட்டிருக்கும். அந்தக் கையோடு வந்துதான் கேனைத் தூக்கினேன். அதன் மூடியில் பித்தளையில் ஒரு அம்பு, பின்பக்கம் கறுப்பு வயர். மேலே இருந்து குனிந்து பார்த்தால் அம்பு தலை, வயர் வால், குப்புறப் படுத்துக் காதைக் கீழே வைத்துக்கொண்டிருக்கிற ஒரு ஜீவன். தூண் மேல் கூட்டல்குறி மாதிரி இரண்டு கோடு கீறியிருக்கும். அம்பு வடக்கே பார்த்த கோட்டில்தான் இருந்தது, எனக்குத் தெரியும், தூக்கும்போதே தெரியும். திரும்ப வைக்கும்போது கை போகவில்லை. இரண்டு தரம் கொண்டுபோனேன். போகவில்லை. மூச்சு விடுகிற ஒன்றை, விடியவிடியக் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒன்றை, வடக்கே தலை வைத்துப் படுக்கப்போடு என்றால் எப்படி. கிழக்குக் கோட்டில் வைத்தேன். வைத்ததும் மனசு ஆறியது, பொய் சொல்லவில்லை, அந்த மாதத்தில் அந்த ஒரு நிமிஷம்தான் ஆறியது. போனில் கேட்டார்கள். மட்டக் குமிழி நடுவில் நிற்குதா, நிற்குதுங்க. பச்சை லைட் எரியுதா, எரியுதுங்க. அம்பு கோட்டு மேல இருக்குதா? கோட்டு மேலதானுங்க இருக்குது. அதில் பொய் எங்கே இருக்கிறது. தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒரு எழுத்தில்கூட இல்லை. ஆனால் இருக்கிறது. புது எழுதுகிற பெட்டி வந்தது, ஆட்கள் வந்தார்கள் போனார்கள், தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால் சூடு ஏறி ஒரு நாள் பதிவு கெட்டுப்போகும் என்று யாரும் திறக்கவில்லை. வீட்டில் சொன்னபோது பாவாயி ஒன்றுதான் கேட்டாள், "அதுக்குத் தலை எது வாலு எதுன்னு உங்களுக்கு ஆரு சொன்னா?"

பன்னிரண்டுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கும், நிழல் என் முட்டியை விட்டுவிட்டது. அந்தப் பொண்ணு பிஸ்கட் தின்கிறது. காகிதத்தைக்கூடச் சத்தமில்லாமல் பிரிக்கிறது, தன் கேனுக்குத் தொந்தரவாகிவிடுமாம். பார்க்கப் பாவமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும். யார் நாற்பது கிலோமீட்டர் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள். பட்டம் வரும், அந்தப் பொண்ணு ஒரு நல்ல வேலைக்குப் போகும், நம் கரடு உலகத்தில் ஒன்றே ஒன்று என்று எங்கேயோ ஒரு புத்தகத்தில் இருக்கும். என் வேலையும் இருக்கும். சொன்னால் இந்த வயசில் இந்தச் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் உட்காருவேன், வீட்டில் உட்கார்ந்தால் பாவாயி பேச்சைக் கேட்டே செத்துப்போவேன். பேசாமல் இருப்பது எனக்கு வரும். ஒரு தரம் இருந்திருக்கிறேன். சுரங்கத்தில் ஒரு நாள் பாறையைத் தட்டினேன், தொப் என்றும் இல்லை, ணங் என்றும் இல்லை, நடுவில் ஒரு சத்தம். மேஸ்திரி கீழேயிருந்து, "என்னடா வையாபுரி, கல்லுகூடப் பேசிட்டிருக்கியா, ஆளை எறக்கலாமா வேண்டாமா" என்று கத்தினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆட்கள் இறங்கினார்கள். கூடை சுமந்த அருக்காணிக்கு இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகும் அவள் என்னைப் பார்த்தால், "நல்லாயிருக்கீங்களா அண்ணா" என்றுதான் கேட்பாள், மிச்சம் இருக்கிற மூன்று விரலால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு. நல்லாயிருக்கேன் தாயி. சத்தம் எனக்குக் கேட்டது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. கல் என்றைக்காவது ஒரு நாள் தன் சத்தத்தைப் போட்டுவிடும், மனுசன்தான் போடமாட்டான். பெரியவர்கள் முன்னால் நிற்கும்போது அதில் ஒருத்தருக்கு என் காது மாதிரி ஒரு காது இருந்தால்? அதென்னம்மா அளந்து வைத்த மாதிரி கால் சுத்து என்று அவர் கேட்டுவிட்டால்? ஆள் அனுப்பிப் பெட்டியைத் திறந்து பார்த்தால்? அப்போது அந்தப் பொண்ணு எல்லார் முன்னாலும் நிற்கும், நான் இங்கே மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.

"என்ன ஐயா, முகம் ஒரு மாதிரி இருக்கு? காப்பி குடிக்கலையா?" பாறையிலிருந்து மெதுவாகக் கேட்டது. பேசலாமாம், மெதுவாக.

"எறும்புங்க மேடம்."

"தட்டி விடுங்க. ஆனா கால உதறிராதீங்க." சிரித்தது. "பொறவு ஐயா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். புத்தகத்துல முதல் பக்கம் நன்றி சொல்லுவாங்கல்ல. அதுல உங்க பேரையும் போட்டிருக்கேன். வையாபுரி ஐயா இல்லன்னா இந்தக் கேன் இல்ல, கேன் இல்லன்னா இந்தக் குச்சி இல்ல."

அது நிஜம்தான் தாயி, வையாபுரி இல்லை என்றால் அந்தக் குச்சி இல்லைதான். சிரிப்பு வந்தது. அலுப்பாக இருந்தது எனக்கு. பயமாக இருந்தது என்று சொன்னால் அது சரியில்லை, பயம் காலையிலேயே வந்து பாதி போய்விட்டது, இது அலுப்பு, இரண்டு மூட்டையை இரண்டு தோளிலும் வைத்துக்கொண்டு எதை முதலில் இறக்குவது என்று நிற்கிற அலுப்பு. எந்திரித்துவிட்டேன். எந்திரிக்க வேண்டும் என்று முடிவு பண்ணி எந்திரிக்கவில்லை, முட்டி தானாக நிமிர்ந்தது. அந்தப் பொண்ணு கையைத் தூக்கியது, வேண்டாம் வேண்டாம் என்று, வாயைத் திறக்காமல் கண்ணாலேயே கத்தியது, நான் நடந்தேன். சருகு மேல் நடந்தேன், பாறை மேல் நடந்தேன், சிமென்ட் ரூமைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். மொத்தம் இருபத்தாறு எட்டு வைத்தேன்.

"ஐயோ ஐயா! இன்னும் பதினெட்டு நிமிஷம்தான் இருந்துச்சு. இந்தா பாருங்க, பாருங்க, இது நீங்க!" கம்ப்யூட்டரில் கோடு தாறுமாறாக எகிறியிருந்தது. ஒவ்வொரு எகிறலும் என் கால். முதலில் இரண்டு பெரியது, எந்திரித்தது போல, பிறகு வரிசையாக, நடுவில் ஒன்று விட்டுப் போயிருந்தது, அங்கே நான் நின்று யோசித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

"மேடம், அம்பு வடக்க இல்லீங்க."

"எந்த அம்பு?"

"கேனு மேல இருக்கற அம்பு. கிழக்க இருக்குது. மழைக்கு எடுத்து வெச்சப்ப நான்தான் திருப்பி வெச்சேன். கால் சுத்து."

அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி கம்ப்யூட்டர். பிஸ்கட் பாக்கெட் மடியிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்தது, எடுக்கவில்லை. "ஏன்?" என்றது. சத்தமே இல்லை அந்த ஏனில்.

சொன்னேன். அண்ணன், கட்டில், குழாய், சிஸ்டர், தலையணை. கோர்வையாக வரவில்லை, முன்னே பின்னே வந்தது. வடக்கே தலை வைக்கக் கை வரவில்லை என்று சொன்னேன். மிஷினுக்கா என்று கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"இத ஏன் ஐயா ரெண்டு வருஷமா சொல்லல?" இதைக் கேட்டபோது குரல் உடைந்தது, கோபம்தான், நல்ல கோபம், அப்படி வந்ததே எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

"தப்புன்னு இன்னைக்குக் காலையிலதானுங்க தெரிஞ்சுது. அது வரைக்கும் நல்லது பண்ணுனதாத்தான் இருந்தேன்."

"காலையில தெரிஞ்சிச்சுல்லா? அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

சாவியை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு போய்க் கதவைத் திறந்தது, குனிந்து உள்ளே இறங்கியது, தெர்மாகோல் பெட்டி சரசரவென்று நகரும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கையில் திசைகாட்டி. முழங்காலெல்லாம் சிமென்ட் தூசி. "கரெக்டா வச்சிருக்கீங்க ஐயா. அரை டிகிரி விலகல" என்றது. பாராட்டா என்று தெரியவில்லை. பாறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ தட்டியது. "பழசு எல்லாத்தையும் திருப்பிக்கலாம். ஒரு வரிதான். இந்தா." நான் எட்டிப் பார்த்தேன். சிவப்புக் குச்சி ஒரு தரம் மறைந்தது. திரும்ப வந்தபோது மற்ற நாற்பத்தொன்றோடு சேர்ந்து சாய்ந்து நின்றது, எது நம் கரடு என்று தேடவேண்டியிருந்தது. மோதின நிலமும் இல்லை, முறுகின கல்லும் இல்லை. அந்தப் பொண்ணு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப இங்க ஒண்ணுமே இல்ல" என்று தனக்குத்தானே சொன்னது. "எல்லா எடத்தையும் மாதிரிதான்."

பிறகு எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் அவர்கள் பெரிய சாருக்குப் போன் போட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. என் காது நல்ல காது, அதுதான் எனக்கு வினை, போனுக்குள் அந்தப் பக்கம் பேசுகிறதும் எனக்குக் கேட்டது. ஆமா சார், திசை மாறியிருக்கு சார். இல்ல சார், மாடல் மொத்தமும் மறுபடி பண்ணணும். ஆமா, தேதியத் தள்ளி வைக்கணும். நான் வந்து ஒரு தடவையாவது பெட்டியத் திறந்து பாத்திருக்கணும் சார். இல்ல, வாட்ச்மேன் அவராத்தான் சொன்னாரு, அவர் சொல்லலன்னா தெரிஞ்சே இருக்காது. அவர மாத்த வேண்டாம் சார். பிறகு அந்தச் சார், "எதுக்குத் திருப்பி வெச்சானாம்?" என்றார், கேட்டுவிட்டுச் சிரிக்கத் தயாரான குரல் அது, எந்தப் பதில் வந்தாலும் சிரிக்கப்போகிற குரல். ஆபீஸில் நாலு பேரிடம் சொல்ல ஒன்று கிடைக்கப்போகிறது. நான் பாறையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பொண்ணு திரும்பி என்னைப் பார்த்தது. கண் சிவந்திருந்தது. என் மேல் இன்னும் கோபம் போகவில்லை, அது நன்றாகத் தெரிந்தது.

"அத நான் அவருகிட்ட கேக்கல சார்" என்றது.